ஆன் ஆர்பர் தீர்ப்பு: நீதிபதி சார்லஸ் ஜாய்னரும் குழந்தைகளின் வீட்டுமொழியும்

முன்னுரை

மொழி தொடர்பான வழக்குகள் நீதிமன்றங்களுக்குப் புதியவை அல்ல. எது ஆட்சிமொழி, எம்மொழியில் பள்ளி நடத்தலாம், எம்மொழியில் வாக்குச்சீட்டை அச்சிடலாம் என்னும் வினாக்களைப் பல நாட்டு நீதிபதிகள் ஆராய்ந்துள்ளனர். ஆயினும், ஒரு குழந்தை தன் தாயிடம் பேசும் பேச்சை வகுப்பறை எவ்வாறு செவிமடுக்க வேண்டும் என்னும் வினா நீதிமன்றத்தின் படியேறுவது அரிது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1979ஆம் ஆண்டு அது நிகழ்ந்தது. அவ்வழக்கை விசாரித்துத் தீர்ப்பு வழங்கியவர் கூட்டரசு நீதிபதி சார்லஸ் டபிள்யூ. ஜாய்னர் ஆவார்.

சமூக மொழியியல் பயின்றோர் இவ்வழக்கை 'ஆன் ஆர்பர் தீர்ப்பு' என அறிவர். மொழியியல் வகுப்புகளில் அத்தீர்ப்பு பேசப்படும் அளவிற்கு அதனை எழுதியவரின் வாழ்க்கை பேசப்படுவதில்லை. இவ்வுரையில் நாம் அவ்விரண்டையும் சேர்த்துக் காண முயல்கிறோம். ஜாய்னர் புரட்சி பேசியவர் அல்லர். தம்முன் வைக்கப்பட்ட பெரிய கோரிக்கைகளுள் பெரும்பாலானவற்றை அவர் தள்ளுபடி செய்தார். எஞ்சிய ஒரு சிறு கோரிக்கையை மட்டும் பொறுமையாக விசாரித்தார். அச்சிறு கோரிக்கையின் வழியாக அவர் கண்டறிந்த உண்மை, மொழி கற்பிக்கும் ஒவ்வொருவரும் தம் வகுப்பறையில் வைத்து எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூட்டரசு நீதிபதி

'கூட்டரசு நீதிமன்றம்' என்றதும் மலேசிய வாசகர்களுக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமே நினைவுக்கு வரும். அமெரிக்காவில் இச்சொல்லின் பொருள் விரிந்தது. அங்கு ஒவ்வொரு மாநிலத்திற்கும் தனி நீதிமன்றங்கள் உள்ளன. அவற்றிற்கு இணையாக நாடு முழுமைக்குமான கூட்டரசு நீதிமன்றங்கள் மூன்று அடுக்குகளாக இயங்குகின்றன. முதல் அடுக்கில் மாவட்ட நீதிமன்றங்களும், அதற்கு மேல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்களும், உச்சியில் வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றமும் அமைந்துள்ளன. சாட்சிகளை நேரில் கேட்டு உண்மையைத் தீர்மானிக்கும் பொறுப்பு முதல் அடுக்கிற்கே உரியது. ஜாய்னர் அவ்வடுக்கைச் சேர்ந்தவர்.

இந்நீதிபதிகளை நாட்டின் அதிபர் பெயர் குறித்து முன்மொழிய, செனட் அவை இசைவளிக்க வேண்டும். பதவியேற்றபின், நன்னடத்தை உள்ளவரை அவர்கள் வாழ்நாள் முழுவதும் பதவி வகிக்கலாம். பதவியில் இருக்கும்போது அவர்களுடைய ஊதியத்தைக் குறைக்கவும் இயலாது. மாநில நீதிபதிகள் பலர் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படும் நாட்டில் இவ்வேற்பாட்டின் பயன் பெரிது. ஊரார் விரும்பாத தீர்ப்பை எழுதும் கூட்டரசு நீதிபதி அடுத்த தேர்தலை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை.

பிறப்பும் கல்விப் பணியும்

சார்லஸ் ஜாய்னர் 1916ஆம் ஆண்டு அயோவா மாநிலத்தில் மக்கோக்கெட்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1937இல் இளங்கலைப் பட்டமும் 1939இல் சட்டப் பட்டமும் பெற்றார். அம்மாநிலத்தின் தலைநகராகிய டெமாயினில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது படையில் பணியாற்றித் திரும்பினார்.

1947ஆம் ஆண்டு அவர் வாழ்வில் ஒரு திருப்பம். ஆன் ஆர்பர் நகரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்குக் கற்பித்தார். அவருடைய துறை, கேட்போரை உடனே ஈர்க்கும் துறையன்று. வழக்கு நடைமுறை, சான்று விதிகள், ஜூரி விசாரணை ஆகியவையே அவர் கற்பித்தும் எழுதியும் வந்த பொருள்கள். நீதி எவ்வழியாக நடந்து வர வேண்டும் என்பதை வரையறுக்கும் துறை அது. குடிமை வழக்குகளில் ஜூரியின் இடத்தை ஆராயும் அவரது நூல் 1962இல் வெளிவந்தது. மிச்சிகன் மாநில நீதிமன்ற விதிகளைச் சீரமைக்கும் பணியிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இங்கு ஒரு செய்தியை நாம் சற்று அழுத்தமாகக் குறிக்க வேண்டும். கூட்டரசு நீதிமன்றங்கள் அனைத்திற்கும் பொதுவான சான்று விதிகளை வகுக்க 1965ஆம் ஆண்டு ஒரு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. ஜாய்னர் அதில் ஓர் உறுப்பினர். அக்குழுவின் உழைப்பில் உருவான விதிகள் நாடாளுமன்றத்தின் திருத்தங்களுடன் 1975இல் நடைமுறைக்கு வந்தன. ஒரு துறையில் ஆழ்ந்த அறிவுடையவர் நீதிபதிக்கு விளங்காத பொருளை விளக்கும் சாட்சியாக வரலாம் என்பதும், அவரது கருத்தை எவ்வாறு ஏற்கலாம் என்பதும் அவ்விதிகளுள் அடங்கும். வல்லுநரைக் கேட்பதற்கான விதியை வகுத்தவர்களுள் ஒருவரே, நான்கு ஆண்டுகள் கழித்து மொழியியல் வல்லுநர்களைக் கேட்கும் இருக்கையில் அமர்ந்தார்.

1960களின் பிற்பகுதியில் ஜாய்னர் டெட்ராயிட் நகரில் உள்ள வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் முதல்வரானார். 1972ஆம் ஆண்டு அதிபர் ரிச்சர்ட் நிக்சன் அவரைக் கிழக்கு மிச்சிகன் மாவட்ட நீதிமன்றத்திற்கு முன்மொழிந்தார். செனட் அவை அதே ஆண்டில் இசைவளித்தது. அப்போது அவருக்கு வயது 56.

பசுஞ்சாலைக் குடியிருப்பின் தாய்மார்கள்

ஆன் ஆர்பர் ஒரு பல்கலைக்கழக நகரம். பேராசிரியர்களும் மருத்துவர்களும் பொறியாளர்களும் மிகுதியாக வாழும் ஊர். அங்கு மார்ட்டின் லூதர் கிங் இளையவர் பெயரில் ஒரு தொடக்கப்பள்ளி உண்டு. அக்காலத்தில் அப்பள்ளி மாணவரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வெள்ளையர்; 13 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர்; எஞ்சியோர் ஆசிய, இலத்தீன் அமெரிக்க வழியினர். கறுப்பினக் குழந்தைகளிலும் சிலர் வசதியான குடும்பத்தினர். பள்ளிக்கு அருகில் கிரீன் ரோடு, அதாவது பசுஞ்சாலை என்னும் தெருவில், குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கான குடியிருப்பு ஒன்று இருந்தது. வழக்கு அங்கிருந்துதான் எழுந்தது.

அக்குடியிருப்பின் தாய்மார்கள் தம் பிள்ளைகள் படிக்கக் கற்காமலேயே வகுப்பு வகுப்பாகக் கடந்து செல்வதைக் கண்டனர். சிலர் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்பட்டனர். சிலர் நடத்தைக் குறைக்காகப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டனர். சிலருக்குக் 'கற்றல் குறைபாடு உடையவர்' என்னும் முத்திரை விழுந்தது. பள்ளியில் உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் வாசிப்பு வல்லுநரும் இருந்தனர். அவர்கள் உதவியும் செய்தனர். ஆயினும் எழுத்து அக்குழந்தைகளுக்கு வசப்படவில்லை.

1977ஆம் ஆண்டு சூலை மாதம், பதினைந்து குழந்தைகளின் சார்பில் சட்ட உதவி வழக்கறிஞர்கள் ஆன் ஆர்பர் பள்ளி வாரியத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கு விசாரணைக்கு வந்தபோது பதினொருவர் எஞ்சியிருந்தனர். அது ஜாய்னரிடம் வந்து சேர்ந்தது.

சுருக்கப்பட்ட வழக்கு

வழக்காளிகள் தொடக்கத்தில் கேட்டவை பல. வறுமை, பண்பாடு, சமூகச் சூழல் ஆகியவற்றால் இக்குழந்தைகள் பின்தங்கியுள்ளனர். ஆகவே அப்பின்னடைவை நீக்கும் சிறப்புக் கல்வியைப் பள்ளி வழங்க வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் சமப் பாதுகாப்பு விதியே இதற்கு அடிப்படை என அவர்கள் வாதிட்டனர். ஜாய்னர் இதனை ஏற்கவில்லை. பள்ளிநிதி தொடர்பான ஒரு டெக்சஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இல் வழங்கிய தீர்ப்பு, வறுமையை மட்டும் காரணமாகக் காட்டி இத்தகைய உரிமையைக் கோர இடந்தரவில்லை. கீழ்நிலை நீதிபதி அதனைத் தாண்டிச் செல்ல இயலாது. 1978இல் வழங்கிய இடைக்கால ஆணைகளில் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக அவர் நீக்கினார்.

ஒன்று மட்டும் நின்றது. 1974ஆம் ஆண்டின் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. மாணவர் சமமாகப் பங்கேற்பதற்குத் தடையாக உள்ள மொழித்தடைகளை நீக்கத் தக்க நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனம், ஒருவருக்கு அவரது இனம், நிறம் முதலியவற்றின் காரணமாகச் சம வாய்ப்பை மறுத்ததாகும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ சீன மாணவர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆங்கிலம் விளங்காத பிள்ளைகளை ஆங்கில வகுப்பில் வெறுமனே அமர்த்திவிடுவது சமக் கல்வி ஆகாது எனக் கூறியிருந்தது. ஆகவே, 'மொழித்தடை' என்றதும் அனைவரும் வேற்றுமொழி பேசும் குடியேறிகளையே நினைத்தனர். பள்ளி வாரியமும் அவ்வாறே வாதிட்டது. இக்குழந்தைகள் பேசுவது ஆங்கிலம்தானே, இதில் தடை எங்கே என்பது அவர்கள் கேள்வி.

ஜாய்னர் சட்டத்தின் சொற்களை மீண்டும் படித்தார். அதில் 'வேற்றுமொழி' என்னும் சொல் இல்லை. 'மொழித்தடை' என்றே இருந்தது. ஒரே மொழியின் இரு வழக்குகளுக்கிடையிலும் கற்றலைத் தடுக்கும் அளவிற்குத் தடை இருக்கக்கூடுமானால், அதனைச் சட்டம் விலக்கவில்லை என அவர் முடிவு செய்தார். அத்தகைய தடை உண்மையில் இருந்ததா என்பதைச் சான்றுகொண்டு மெய்ப்பிக்குமாறு வழக்காளிகளைப் பணித்தார். இந்த இடத்தில்தான் சட்டத்தின் கதவு மொழியியலுக்குத் திறந்தது.

சாட்சிக் கூண்டில் மொழியியல்

1979ஆம் ஆண்டு கோடையில் விசாரணை ஏறத்தாழ நான்கு வாரங்கள் நடந்தது. வல்லுநர்களை ஒருங்கிணைத்தவர் வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெனீவா ஸ்மிதர்மன். டென்னசி மாநிலத்தின் உழவர் குடியில் பிறந்து டெட்ராயிட்டில் வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. இளமையில் ஆசிரியர் தகுதிக்கான பேச்சுத் தேர்வில் அவர் தேறவில்லை. அவரது ஒலிப்பு வெள்ளையர் ஒலிப்பிலிருந்து வேறுபட்டதே காரணம். பேச்சுக் குறைபாடு உடையோருக்கான பயிற்சிக்கு அவர் அனுப்பப்பட்டார். குறைபாடு ஏதுமில்லாத நாவுக்குச் சிகிச்சை பெற்றவர், பின்னாளில் அதே மாநிலத்தில் குழந்தைகளின் பேச்சுக்காகச் சாட்சி சொல்ல வந்தார். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லபோவ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பெய்லி, கிரியோல் மொழி ஆய்வாளர் ஜே. எல். டிலார்ட் முதலியோரும் சாட்சியம் அளித்தனர். பள்ளி வாரியம் மறுப்பு கூற மொழியியலாளர் எவரையும் அழைக்கவில்லை.

அவர்கள் விளக்கிய செய்திகளில் இரண்டை மட்டும் இங்குக் காண்போம்.

முதலாவது, இணைப்பு வினை பற்றியது. 'அவள் என் தங்கை' என்பதைத் தர ஆங்கிலம் 'ஷி இஸ் மை சிஸ்டர்' என்கிறது. கறுப்பின ஆங்கிலத்தில் 'ஷி மை சிஸ்டர்' எனலாம். கேட்போர் இதனைச் சோம்பலால் சொல்லை விழுங்கிய பேச்சு எனக் கருதுவர். நியூயார்க் நகரின் ஹார்லம் பகுதி இளைஞர்களின் பேச்சை ஆராய்ந்த லபோவ், இதற்குள் ஓர் ஒழுங்கான விதி இருப்பதைக் கண்டார். தர ஆங்கிலம் 'இஸ்' என்பதை எங்கெங்குச் சுருக்கி 'ஷீஸ்' என்று ஒலிக்க முடியுமோ, அங்கெல்லாம் கறுப்பின ஆங்கிலம் அதனை நீக்கலாம். வாக்கிய இறுதி போன்று, தர ஆங்கிலம் சுருக்க இயலாத இடத்தில் கறுப்பின ஆங்கிலமும் நீக்குவதில்லை. சோம்பலுக்கு இத்தனை நுண்மையான எல்லை தெரியாது. தமிழ் படித்த நமக்கு இதில் வியப்பும் இல்லை. 'அவள் என் தங்கை' என்னும் நம் வாக்கியத்தில் வினையே கிடையாது. அதனைக் குறையுடையது என எந்த இலக்கண ஆசிரியரும் சொன்னதில்லை.

இரண்டாவது, 'பி' என்னும் சொல் பற்றியது. 'ஹி வொர்க்கிங்' என்றால் அவர் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று பொருள். 'ஹி பி வொர்க்கிங்' என்றால் அவர் வழக்கமாக வேலை செய்பவர் என்று பொருள். இரண்டும் வேறு. தர ஆங்கிலம் இவ்வேறுபாட்டைக் காட்டக் கூடுதல் சொல்லை நாடவேண்டும். கறுப்பின ஆங்கிலம் வினைத்தொடரிலேயே காட்டிவிடுகிறது. தமிழிலும் 'அவர் நாள்தோறும் வருவார்' என்னுமிடத்து எதிர்கால வடிவம் வழக்கத்தை உணர்த்துகிறது. எதிர்காலம் என எண்ணி அதனைத் திருத்தப் புகுந்தால் திருத்துபவருக்கே தமிழ் தெரியாது என்போம்.

இவற்றிற்கும் வாசிப்பிற்கும் என்ன தொடர்பு? இவ்வினாவிற்கு லபோவின் பழைய ஹார்லம் ஆய்வு ஒன்று நல்ல விடை தருகிறது. கறுப்பினக் குழந்தைகள் பலர் இறந்தகால விகுதியின் ஈற்றொலியை ஒலிப்பதில்லை. 'பாஸ்ட்' என்று எழுதியிருப்பதைப் 'பாஸ்' என்றே படிப்பர். ஆசிரியர் உடனே திருத்துவார். குழந்தைக்கு இறந்தகாலம் விளங்கவில்லையா, விளங்கியும் தன் ஒலிப்பின்படி படித்ததா என்பது அத்திருத்தத்தால் தெரியாது. லபோவ் ஓர் எளிய வழியைக் கையாண்டார். 'படி' என்னும் பொருளுடைய ஆங்கில வினை நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல் உடையது. ஒலிப்பில் மட்டும் 'ரீட்', 'ரெட்' என வேறுபடும். விகுதியுள்ள வினையை அடுத்து இச்சொல் வருமாறு வாக்கியம் அமைத்துப் படிக்கச் சொன்னார். குழந்தை 'பாஸ்' என்று படித்துவிட்டு அடுத்த சொல்லை 'ரெட்' என்று ஒலித்தால், அது காலத்தை உணர்ந்தே படித்திருக்கிறது. அங்கு வாசிப்புப் பிழை இல்லை; ஒலிப்பு வேறுபாடு மட்டுமே உண்டு. 'ரீட்' என்று ஒலித்தால் கற்பிக்க வேண்டிய பாடம் ஒன்று உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறியாத ஆசிரியர், சரியாகப் படித்த குழந்தையையும் தவறாகப் படித்ததாகத் தண்டித்துவிடுவார்.

தீர்ப்பு

1979ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் ஜாய்னர் தீர்ப்பை வெளியிட்டார். கறுப்பின ஆங்கிலத்தின் வரலாற்றையும் அதன் இலக்கணக் கூறுகளையும் சாட்சியங்களின் அடிப்படையில் அதில் பட்டியலிட்டார். கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் இணைப்பு வினை நீக்கமும் வழக்கத்தை உணர்த்தும் 'பி' வினையும் இடம்பெற்றதைக் கண்டு மொழியியலாளர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆனால், அத்தீர்ப்பின் உயிர்நிலை வேறிடத்தில் உள்ளது. இக்குழந்தைகளால் ஆசிரியர் பேசுவதைப் புரிந்துகொள்ள இயலவில்லை என ஜாய்னர் கூறவில்லை. மாறாக, அவர்கள் புரிந்துகொண்டனர். ஆசிரியர்களுக்கும் அவர்கள் பேச்சு விளங்கியது என்றே கண்டார். அப்படியானால் தடை எங்கே? குழந்தையின் வீட்டுமொழியை ஆசிரியர் தம்மை அறியாமலேயே தாழ்வாகக் கருதுகிறார். தர ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சியிலேயே அத்தாழ்வுணர்வு குழந்தையின் மனத்தில் பதிகிறது. தாழ்வுற்ற குழந்தை கற்றலிலிருந்து விலகிக்கொள்கிறது. இதுவே தடை என்று அவர் தீர்மானித்தார். ஆசிரியர்களிடம் தீய நோக்கம் இருந்ததாக அவர் குற்றஞ்சாட்டவில்லை. அவர்கள் அக்கறையுடன் உழைத்தவர்கள் என்பதையும் ஏற்றார். அறிவு இல்லாத அக்கறை போதாது என்பதே அவர் கண்ட முடிபு.

வழக்கு எதைப் பற்றியது அன்று என்பதையும் அவர் தொடக்கத்திலேயே தெளிவாக்கினார். கறுப்பின ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்பிக்கவோ, அதன்வழிப் பாடம் நடத்தவோ எவரும் கோரவில்லை. தம் பிள்ளைகள் தர ஆங்கிலத்தில் படிக்கக் கற்க வேண்டும், தொழிலும் கலையும் அறிவியலும் வழங்கும் மொழி அவர்களுக்குக் கைவர வேண்டும் என்பதே தாய்மார்கள் கேட்டது. இலக்கு தரமொழி, அதனை அடையும் பாதை வீட்டுமொழியை அறிந்த ஆசிரியர். இவ்விரண்டிற்கும் முரண் இல்லை எனத் தீர்ப்பு காட்டியது.

ஆணையும் அடக்கமானதே. கறுப்பின ஆங்கிலம் பேசும் குழந்தைகளை அடையாளம் காணவும், அவ்வறிவைத் தர ஆங்கில வாசிப்பைக் கற்பிப்பதில் பயன்படுத்தவும் ஆசிரியர்களுக்கு உதவும் திட்டம் ஒன்றை 30 நாள்களுக்குள் தருமாறு வாரியத்தைப் பணித்தார். எவ்வாறு கற்பிப்பது என்பதைக் கல்வியாளர்களுக்கே விட்டார். வாரியம் மேல்முறையீடு செய்யாமல் கிங் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சித் திட்டத்தை அளித்தது. ஆகஸ்டில் நீதிபதி அதனை ஏற்றார்.

விளைவுகளும் குறைகளும்

தீர்ப்பைவிட அதைப் பற்றிய செய்தி வேகமாகப் பரவியது. 'பள்ளியில் கறுப்பின ஆங்கிலம் கற்பிக்க நீதிபதி ஆணை' என்னும் பொருள்பட நாளிதழ்கள் எழுதின. கேலிச் சித்திரங்கள் வந்தன. நீதிபதி எதனை மறுத்து எழுதினாரோ அதுவே அவர் ஆணையாகத் திரிந்தது. கறுப்பினப் பத்தி எழுத்தாளர் சிலரும் கவலை தெரிவித்தனர். தம் பிள்ளைகளைத் தாழ்ந்த பேச்சிலேயே நிறுத்திவைக்கும் சூழ்ச்சி இது என அவர்கள் அஞ்சினர். அடிமைக் காலத்தில் எழுத்தறிவே மறுக்கப்பட்ட மக்களுக்கு அவ்வச்சம் எழுவது இயல்பு.

சட்ட நோக்கிலும் தீர்ப்பின் எல்லை குறுகியது. மேல்முறையீடு நிகழாததால் அது ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் முடிவாகவே நின்றது. பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தவில்லை. ஆணையோ ஆசிரியர் பயிற்சியோடு நின்றது. குழந்தைகள் இத்தனை ஆண்டுக்குள் இந்த அளவு படிக்க வேண்டும் என்னும் அளவுகோல் எதையும் அது விதிக்கவில்லை. இது ஒரு குறையே என நாம் கருதுகிறோம். மனப்பான்மையே தடை என்று கண்டறிந்த நீதிமன்றத்திற்கு மனப்பான்மையை மாற்றும் கருவி இல்லை. பயிற்சி வகுப்பில் ஆசிரியரை அமர்த்த நீதிபதியால் இயலும். வகுப்பறைக்குத் திரும்பியபின் அவர் காது எவ்வாறு கேட்கும் என்பதை ஆணையிட இயலாது.

எனினும், தீர்ப்பு வீண்போகவில்லை. லபோவ் 1982இல் எழுதிய ஒரு கட்டுரையில், பல்லாண்டு கருத்து வேறுபட்டிருந்த கறுப்பின, வெள்ளை ஆய்வாளர்கள் கறுப்பின ஆங்கிலத்தின் தோற்றம் பற்றி ஒருமித்த நிலைக்கு வர இவ்வழக்கு காட்டும் வழியை ஆராய்ந்தார். ஸ்மிதர்மன் வழக்கையொட்டிய ஆய்வுரைகளை 1981இல் நூலாகத் தொகுத்தார். 1996ஆம் ஆண்டு இறுதியில் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பள்ளி வாரியம் இதே சிக்கலைப் பற்றித் தீர்மானம் இயற்றியபோது, நாடெங்கும் பழைய கேலி மீண்டும் எழுந்தது. அமெரிக்க மொழியியற் கழகம் 1997 சனவரியில், கறுப்பின ஆங்கிலம் எல்லா இயற்கை மொழிகளையும் போல ஒழுங்கும் விதியும் உடையது எனத் தீர்மானம் நிறைவேற்றியது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நீதிபதி பொறுமையாகக் கேட்டு எழுதியதும் இதுவே.

ஜாய்னர் 1984இல் 'மூத்த நீதிபதி' என்னும் பணிக்குறைந்த நிலைக்கு மாறினார். 2017ஆம் ஆண்டு, தம் 101ஆம் வயதில் காலமானார். அவர் பெயர் சட்ட நூல்களில் பெரும்பாலும் நடைமுறை விதிகளோடு சேர்ந்தே வருகிறது. மொழியியல் நூல்களில் ஒரே ஒரு தீர்ப்போடு வருகிறது.

நிறைவுரை

ஆன் ஆர்பர் குழந்தைகளின் நிலையும் தமிழ்க் குழந்தைகளின் நிலையும் ஒன்றல்ல. அடிமை முறையின் வரலாறும் நிறவெறியும் கறுப்பின ஆங்கிலத்தின்மேல் சுமத்திய பாரம் வேறு. ஆயினும், எழுத்துமொழியும் பேச்சுமொழியும் இத்தனை விலகி நிற்கும் தமிழைக் கற்பிக்கும் நாம், அத்தீர்ப்பை அயலார் கதையாகப் படித்துவிட்டுச் செல்ல இயலாது. சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு, 2005ஆம் ஆண்டு அறிக்கையில் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. அப்போதும் 'கொச்சையைக் கற்பிப்பதா' என்னும் குரலை நாம் கேட்டோம்.

நாம் இளம் ஆசிரியராய் இருந்தபோது நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். வகுப்பில் ஒரு சிறுவன், 'எங்க வூட்ல பூன குட்டி போட்டுச்சு' என்று ஆர்வத்தோடு சொல்லத் தொடங்கினான். நாம் அவனை நிறுத்தி, 'எங்கள் வீட்டில் பூனை குட்டி போட்டது' என மும்முறை சொல்லச் சொன்னோம். அவன் பிழையின்றிச் சொன்னான். எத்தனை குட்டிகள், என்ன நிறம் என்பதை மட்டும் சொல்லவேயில்லை. அவ்வாண்டு முழுவதும் கேட்ட கேள்விக்கு விடை கூறியதைத் தவிர வேறெதுவும் அவன் பேசியதாக நமக்கு நினைவில்லை. அன்று நாம் நல்ல தமிழ் கற்பித்துவிட்டதாகவே எண்ணினோம். ஜாய்னரின் தீர்ப்பைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது, அறிவு இல்லாத அக்கறை பற்றிய பகுதியில் நம் வகுப்பறையே தெரிந்தது.

இலக்கண மரபு இதற்கு எதிரானது என எண்ண வேண்டியதில்லை. தொல்காப்பியர் சொற்களை நால்வகையாகப் பகுத்தபோது திசைச்சொல்லுக்கும் ஓர் இடம் வைத்தார். வட்டாரத்தின் சொல்லை அறியாமல் மொழியை முழுமையாக அறிய இயலாது என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். செந்தமிழைக் கற்பிப்பது நம் கடமை. அக்கடமையில் நாம் தளர வேண்டியதில்லை. குழந்தை சொல்ல வந்த செய்தியை முதலில் கேட்போம்; குட்டிகள் எத்தனை என்று வினவுவோம்; அதன்பின் எழுத்துத்தமிழில் அதனை எவ்வாறு எழுதுவது எனக் காட்டுவோம். ஆசிரியர் பயிற்சி பெறும் மாணவர்கள் அடுத்த முறை வகுப்பறைக்குச் செல்லும்போது, ஒரு குழந்தையின் வாக்கியத்தைத் திருத்துமுன் அதில் உள்ள விதி யாதென ஒருகணம் எண்ணிப் பார்ப்பார்களாயின், இவ்வுரை தன் பயனை அடைந்ததாகும்.